ராஜப்பன் லாரியின் சேவல்

தன் லாரியின் பின்கதவைப் பார்த்து ஒரு பெண் அலறுவாள் என்று ராஜப்பன் கனவிலும் நினைத்ததில்லை.

இடம் பாறசாலைச் சந்தை. வருடம் 1954, ஆகஸ்ட் மாதம். மலையாள ராஜ்யத்தில் இருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கிளம்பிய கூட்டங்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பாதிக் கடைகள் அடைத்துக் கிடந்தன. திறந்திருந்த கடைக்காரர்களும் ஒரு கண்ணைச் சாலையிலேயே வைத்திருந்தார்கள். ராஜப்பன் மரச்சீனிக் கிழங்கு மூட்டைகளை இறக்க லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டுக் கீழே குதித்தான். அப்போதுதான் அந்த அலறல்.

அலறியவள் தங்கபாய். அந்த ஊர்த் தையல்காரன் ஜெயதாஸின் மனைவி. துப்பாக்கிச் சூட்டு நாளிலிருந்து அவனைக் காணவில்லை. அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தவள் களியக்காவிளைச் சாலையோரம் சாயாக்கடை வைத்திருக்கும் சரோஜம்.

"இதுதாம் பிள்ளே," என்றாள் சரோஜம், பின்கதவைத் தொடாமல் விரலை மட்டும் நீட்டி. "மஞ்ச வட்டம், செவப்புச் சேவல். மழையில நனஞ்சு நின்னத என் ரெண்டு கண்ணால கண்டேனாக்கும். மண்டை ஒடஞ்சு கிடந்த உன் மாப்பிளை ஜெயதாஸ ரெண்டு பேரு தூக்கி இதுலத்தான் ஏத்தினாவ."

ராஜப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னதாக்கும் அக்கா? எந்த ஜெயதாஸு? யார ஏத்தினேன்?"

"நடிக்கான் பாரு!" கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "எலே, உன் மொதலாளி மலையாளக் கட்சிதானே? அவனக் கொண்டு போலீசுக்குக் குடுத்தியா, இல்ல வழியில தள்ளிட்டியா?"

தங்கபாய் கத்தவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எங்க எறக்கி விட்ட அண்ணா? அத மட்டும் பறஞ்சிரு. உயிரோட எறக்கினியா?"

ராஜப்பன் அன்றைக்கு அந்தச் சாலைக்கே போகவில்லை. பொழியூரில் கருவாடு ஏற்றி வரும் வழியில், திருப்புறம் தாண்டி, பின் ஸ்பிரிங் பட்டை ஒடிந்து, கொட்டுகிற மழையில் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தான். ஊரே கதவை அடைத்துக்கொண்டிருந்த நாள் அது. சாட்சி சொல்ல ஒரு காக்கைகூட இல்லை.

"திருப்புறத்துல கிடந்தேன்," என்றான்.

சிரித்தார்கள். ஒருவன் முன்னால் வந்து அவன் கன்னத்தில் அறைந்தான். அடுத்த அடி விழுமுன் நடுவில் புகுந்து தடுத்தவர் பொன்னுதாஸ். அவரும் ஒரு லாரிக்குச் சொந்தக்காரர், அவரே ஓட்டவும் செய்வார். மிஷன் சபையின் கமிட்டி மெம்பர்.

"விடுங்க மக்கா. அடிச்சா மட்டும் அவன் வந்துருவானா? நானும் அந்த ரோட்டுப் பக்கம் அன்னைக்குப் போகல்ல. போயிருந்தா நானே கையக் குடுத்திருப்பேன்." பிறகு தங்கபாயின் பக்கம் திரும்பினார். "வடக்கதான் தேடணும் மோளே. போலீசு கையில குடுத்திருந்தா நெய்யாற்றின்கரை, இல்லேன்னா திருவனந்தபுரம்."

நல்ல மனுஷன் என்று ராஜப்பன் நினைத்தான். அறை வாங்கிய கன்னத்தோடு அவரைப் பார்த்துக் கும்பிட்டான்.

தங்கபாய் வடக்கே போனாள். நெய்யாற்றின்கரை லாக்கப், திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரி, ஜெயில் வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பதிலைக் கேட்டுத் திரும்பினாள்.

ராஜப்பனுக்கு ஊர், பாறசாலைக்குப் பக்கத்திலுள்ள செங்கல் கிராமம். யுத்தகாலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து, அசாமிலிருந்து மணிப்பூர் மலைக்கு ரேஷனும் குண்டும் சுமந்த லாரிகளை ஓட்டியவன். அந்த மலைச்சாலையில் இருட்டிய பிறகு முன்விளக்கு போடக் கூடாது, மேலே விமானம் பார்த்துவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு லாரியின் அடியிலும் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல இருக்கும் இரும்பு உருண்டைக்கு வெள்ளை அடித்து, அதன்மேல் ஒரு சின்ன விளக்கைத் தொங்கவிடுவார்கள். பின்னால் வருகிறவனுக்குச் சாலை தெரியாது, பள்ளம் தெரியாது. முன்னால் போகிற வெள்ளை வட்டம் மட்டும் தெரியும். அது திரும்பினால் திரும்ப வேண்டும், நின்றால் நிற்க வேண்டும். மாதக்கணக்கில் ராஜப்பன் பார்த்த உலகம் அந்த வட்டம்தான். ஊருக்குத் திரும்பிய பிறகும் முன்னே போகிற எந்த வண்டியானாலும் அவன் கண் முதலில் அதன் அடியில்தான் போகும்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளம் கழித்த வண்டிகளை ஏலம் விட்டார்கள். டிஸ்போசல் லாரி என்று பெயர். தரகர்கள் மொத்தமாக எடுத்துத் தெற்கே கொண்டுவந்து விற்றார்கள். அப்படி ஒன்றைச் செங்கல் பொன்னப்பன் முதலாளி வாங்கி, ராஜப்பனை டிரைவராக வைத்தார்.

வண்டி கைக்கு வந்த முதல் நாளே ராஜப்பன் அதன் ஜாதகத்தைப் படித்துவிட்டான். பானெட்டின் பக்கவாட்டில் பச்சைப் பெயின்டைச் சுரண்டினால் உள்ளே மணல் நிறம். அப்படியானால் முதலில் பாலைவனத்துக்கென்று பூசிய வண்டி, பிறகுதான் காட்டுக்கு மாற்றிப் பச்சை அடித்தார்கள். மட்கார்டில் குறுக்கே பிளந்த சதுரம், பாதி சிவப்பு, பாதி பச்சை. அது சப்ளை லாரிகளின் அடையாளம். பானெட்டுக்கு மேலே மங்கிய வெள்ளை நட்சத்திரம், நம் விமானம் நம்மையே சுடாமலிருக்க. பின்கதவில் மஞ்சள் வட்டத்துக்குள் சிவப்புச் சேவல். அதைக் கண்டதும் ராஜப்பன் வாய்விட்டுக் கூவிவிட்டான். மணிப்பூரில் அந்தச் சேவல் படையை அவனுக்குத் தெரியும். ஒரு டிவிஷன் முழுக்க அதே சேவலோடு திரிந்தது.

பொன்னப்பன் முதலாளியும் கூவினார், வேறு காரணத்துக்கு. "முருகனுக்க கொடியில உள்ள சேவலாக்கும் ராஜப்பா! தானா வந்து ஏறியிருக்கு. இத மட்டும் தொடாத." வண்டி முழுதும் பச்சை போய்ச் சிவப்பானது. சேவலை மட்டும் விட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார் முதலாளி. நெய்யாற்றின்கரையிலிருந்து குழித்துறை வரை அது 'சேவல் லாரி' ஆயிற்று. கல்யாணத்துக்குக் கேட்டு வந்தார்கள், கோயில் கொடைக்குக் கேட்டு வந்தார்கள்.

இப்போது அந்தச் சேவலே அவனைக் கொத்தியது.

சந்தையில் அது நடந்த பிறகு அந்த வண்டிக்குச் சரக்குக் கிடைக்கவில்லை. ஒருநாள் காலையில் பின் டயர் இரண்டும் கிழிந்து கிடந்தன. ராஜப்பனின் மனைவி குமாரி தண்ணீருக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். முதலாளியே ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கிட்டயாவது உள்ளதப் பற. போலீசுக்குப் பேடிச்சு எங்கயாவது எறக்கி விட்டியா?"

"முருகன் சத்தியமா இல்ல மொதலாளி. இந்தச் சேவல் ஒரு வண்டியில மட்டும் உள்ளதில்ல. ஆயிரம் வண்டியில உண்டு. வேற வண்டியாக்கும் வந்தது."

"ஆயிரம் வண்டி மணிப்பூர்ல. இங்க ஒண்ணுதானே ஓய்!"

முதலாளி சொன்னது சரிதான். அந்தச் சாலையில் அவன் அறிய ஒரே ஒரு சேவல்தான் ஓடியது.

வீட்டில் குமாரி வேறொன்று கேட்டாள். "அந்தப் படத்த அழிச்சா என்ன?"

"அழிச்சா ஒப்புக்கொண்டது மாதிரி ஆவும்."

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை. புது டயர் போட்டு, எப்படியோ கிடைத்த ஒரு லோடு கூரை ஓட்டோடு ராஜப்பன் களியக்காவிளையிலிருந்து வடக்கே வந்துகொண்டிருந்தான். மழை விட்டிருந்தது. முன்னால் பொன்னுதாஸின் நீல லாரி ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. தேங்காய்ப் பாரம். பின்கதவை முழுக்க மூடி ஒரு நீண்ட பலகை, அதில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வேத வசனம். அவனுக்குப் பழகிய காட்சி.

பழக்கம் கண்ணைக் கீழே இழுத்தது. அச்சின் நடுவில் சேறு அப்பியிருந்தது. நீல லாரி சாலையின் குறுக்கே தேங்கிநின்ற தண்ணீரில் இறங்கி ஏறியது. சேறு கழுவிப் போயிற்று.

வெள்ளை வட்டம். அதன் நடுவே கறுப்பில் 61.

ராஜப்பன் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் அவன் அம்மையைச் சொல்லி வைதுவிட்டுப் போனான். அது அவன் காதில் விழவில்லை. இறங்கி, தன் லாரிக்கு அடியில், ஈரத் தரையில் மல்லாந்து படுத்தான். பார்க்கத் தேவையே இல்லை, எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனாலும் பார்த்தான். தன் வண்டியின் உருண்டையிலும் வெள்ளை வட்டம், கறுப்பில் 61. அது பட்டாளக் கம்பெனியின் எண்; இரண்டும் ஒரே கம்பெனி வண்டிகள். ஒன்றன் பின் ஒன்றாக மலை ஏறியவை. ஒரே பெயின்டர் தொட்டவை. வண்டிக்கு மேலே ஊரார் நீலம் பூசுவார்கள், சிவப்பு பூசுவார்கள். அடியில் படுத்து எவன் பூசுகிறான்?

அப்படியானால் அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கும்?

பொன்னுதாஸா? சந்தையில் தன்னைக் காப்பாற்றிய மனிதரா? தங்கபாய் வீட்டுக்கு வாராவாரம் அரிசி கொடுத்தனுப்புகிறவரா? 'வடக்கதான் தேடணும்' என்று சொன்னவரா?

மறுநாள் தங்கபாயின் வீட்டில் ஜெயதாஸுக்காகச் சபையார் கூடி ஜெபம் வைத்திருந்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து ஆட்கள். நடுவில் உபதேசியார் எலியா. அந்தக் கிழவரையும் பாட்டுக்காரர்களையும் ஏற்றி வந்த நீல லாரி வேலியோரம் நின்றது. பொன்னுதாஸ் முன்வரிசையில் முழங்காலில் நின்றார்.

ராஜப்பன் படலைத் திறந்து உள்ளே வந்ததும் பாட்டு நின்றது.

"உனக்கு இங்க என்னதாக்கும் சோலி?" ஒருவன் எழுந்தான்.

ராஜப்பன் அவனைத் தாண்டிப் போய்ச் சரோஜத்தின் முன்னால் நின்றான். "அக்கா, ஒண்ணு மட்டும் கேக்கேன். அன்னைக்கு நீங்க கண்ட வண்டி என்ன நெறம்?"

"நெறமா? அந்த மழையில நெறம் எங்க தெரியும்? மேல தார்ப்பாய் கிடந்து. பின்கதவுல சேவல் மட்டும்தான் பளிச்சுன்னு..."

"வாங்க," என்றான். வேலியோரம் போய், நீல லாரியின் பலகையில் கை வைத்தான். நான்கு மூலையிலும் ஆணி. எழுத்து பழையது, வெயிலில் வெளிறியது. ஆணிகள் புத்தம் புதியவை. துரு ஏறவில்லை.

"அதத் தொடாத வேய்!" பொன்னுதாஸின் குரல். அந்தக் குரலில் இருந்த ஏதோ ஒன்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அவர் எழுந்திருக்கவில்லை. முழங்காலிலேயே திரும்பியிருந்தார். "அது வேத வசனமாக்கும். தொடக் கூடாது."

"தொட மாட்டேன் அண்ணாச்சி. நீங்களே எடுங்க."

அவர் அசையவில்லை. ராஜப்பன் டயர் கழற்றும் கம்பியைக் கொண்டுவந்து பலகைக்கு அடியில் கொடுத்து நெம்பினான். ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டு பலகை தொங்கியது.

மஞ்சள் வட்டம். சிவப்புச் சேவல். அவன் வண்டியில் இருந்ததைவிடப் புதிதாக, வெயில் படாத நிறத்தோடு, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

சரோஜம் "கர்த்தாவே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கிழவர் எலியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் ஏன் இவ்வளவு வெளிறிப்போனார்கள் என்று ராஜப்பனுக்கு அப்போது புரியவில்லை. பிறகு சொன்னார்கள். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில் அவரைத் தெரியவே தெரியாது என்று சீஷன் பேதுரு மூன்று தரம் சாதித்தானாம். உடனே சேவல் கூவியதாம். வண்டி வாங்கிய காலத்தில் பொன்னுதாஸிடம் எலியாவே சொல்லியிருக்கிறார்: சபைக்காரன் வண்டியில் அந்தச் சேவல் வேண்டாம் மகனே, வசனம் எழுதி மறைத்துவிடு. மறைத்ததோடு கிழவர் அதை மறந்தும் போயிருந்தார்.

"ஏன் மறைச்சீரு?" என்று இப்போது யாரும் கேட்கவில்லை. தங்கபாய்தான் கேட்டாள், வேறொன்றை. "அன்னைக்கு ஏன் பலகையைக் களத்தினீரு?"

பொன்னுதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தமிழ் எழுத்துள்ள வண்டியை அன்று போலீஸ் நிறுத்தியதாம், போராட்டக்காரன் வண்டி என்று. அதனால் காலையிலேயே பலகையைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டார். களியக்காவிளை தாண்டிக் கூட்டம் சிதறி ஓடிக்கொண்டிருந்தது. அடிபட்டுக் கிடந்தவனை யாரோ இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். முகமெல்லாம் ரத்தம். தெற்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறங்கிப் பார்த்தபோதுதான் ஜெயதாஸ் என்று தெரிந்தது.

"அவன் கொடி தச்சுக் குடுத்தவன்னு போலீசுக்குத் தெரியும். கூட நின்னா எனக்க வண்டியப் பிடிப்பான், என்னையும் பிடிப்பான். ஆஸ்பத்திரிக் கேட்டுல எறக்கி வச்சேன். மணிய அடிச்சேன். ஆளு வாறது கண்டதும் வண்டிய எடுத்தேன்."

"உயிரு இருந்துதா?"

"இருந்து."

"என்னமாவது பறஞ்சானா?"

"தண்ணி கேட்டான்."

"குடுத்தீரா?"

பொன்னுதாஸ் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தெக்க," என்றாள் தங்கபாய் மெதுவாக. "தெக்க கிடந்தான். நீரு என்ன வடக்க அனுப்பினீரு."

அவரை அடிக்கக்கூட யாருக்கும் கை எழவில்லை. ஒரு பெண் மட்டும் உள்ளே போய், அவர் அனுப்பிய அரிசியைப் பெட்டியோடு கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

உடனே போக வேண்டும் என்றாள் தங்கபாய். நீல லாரிதான் வாசலில் நின்றது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ராஜப்பனிடம் வந்து நின்றாள். சட்டையைப் பிடித்த அதே கை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தது.

"அண்ணா, உங்க வண்டி எங்க?"

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான நர்ஸ் அவர்களை உட்காரவைத்தாள். வந்த ஆளுக்கு நினைவு சரியாகத் திரும்பவில்லை, பெயர் சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் உயிரோடு இருந்தார். ஊரெல்லாம் கலவரம், யாரிடம் சொல்லி அனுப்புவது? சபைப் போதகரைக் கூட்டி, ஜெபம் செய்து, தோட்டத்துக் கல்லறையில் அடக்கினோம் என்றாள். பிறகு மேஜையைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த ஒரு அளவு நாடாவைத் தந்தாள். கழுத்தில் கிடந்ததாம்.

தங்கபாய் அதை விரித்தாள். நுனி தேய்ந்து, ஓரத்தில் அவளே நீல நூலால் தைத்துக் கொடுத்த நாடா. "பத்து நாளு," என்றாள். அதில் பாதி நாள் அவள் நெய்யாற்றின்கரை லாக்கப் வாசலில் நின்றிருந்தாள்.

வெளியே வந்ததும் ராஜப்பன் சொன்னான். "பிள்ளே, அந்தச் சேவல நாளைக்கே சுரண்டிருவேன். மொதலாளிய நான் பாத்துக்கிடுதேன். உனக்குக் காணச் சகிக்காது."

தங்கபாய் பின்கதவின் எதிரே நின்றாள். "இது ஒண்ணும் செய்யல்லியே," என்றாள். "கிடக்கட்டு." பிறகு கால் வைத்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

பொன்னுதாஸ் கமிட்டியிலிருந்து விலகினார். லாரியை விற்றுவிட்டுப் பொழியூர்ப் பக்கம் மனைவி வீட்டோடு போய்விட்டார். வாங்கியவன் பலகையையும் சேவலையும் ஒன்றாகக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கதவு போட்டான். ராஜப்பனை அறைந்தவன் ஒருநாள் சந்தையில் வந்து பீடி நீட்டினான். ராஜப்பன் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டான். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை.

1956 நவம்பரில் மாநில எல்லைக் கோடு கிழித்தார்கள். பாறசாலை கேரளத்தில் நின்றது. ஜெயதாஸ் கிடந்த மண் தமிழ்நாட்டுக்குப் போயிற்று. அவன் எதற்காகக் கொடி தைத்தானோ அது அவனுக்குக் கிடைத்தது, அவன் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் ஆகஸ்டில் தங்கபாய் கல்லறைக்குப் போக ராஜப்பன் லாரி எடுப்பான். களியக்காவிளையில் புதிதாக வைத்த செக்போஸ்டில் காவலாளி கையைக் காட்டுவான்.

"லோடு என்ன?"

"ஒண்ணும் இல்ல," என்பான் ராஜப்பன். "ஒரு ஆளாக்கும்."

காவலாளி பின்பக்கம் போய்ப் பார்ப்பான். சந்தனப் பொட்டு வைத்த சேவல் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். சிரித்துக்கொண்டே குறுக்குத் தடியைத் தூக்கிவிடுவான். முன் இருக்கையில் தங்கபாய், கையில் அளவு நாடாவைச் சுருட்டிப் பிடித்தபடி, தெற்கே பார்த்துக்கொண்டிருப்பாள்.